அடமானச் சட்டமும் அறிவியல் கல்லூரியும்: வக்கீல் ராஷ்பிகாரி கோஷ்

ராஷ்பிகாரி கோஷ் (1845–1921) கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் பேரும் பணமும் ஈட்டிய வக்கீல். இந்திய அடமானச் சட்டம் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. இந்திய தேசிய காங்கிரசுக்கு இரண்டு முறை தலைவராக இருந்தார். இரண்டாவது முறை சென்னையில். வங்கத்துக்கு வெளியே இன்று அவரை நினைப்பவர் குறைவு. நினைப்பவர்களும் பெரும்பாலும் காங்கிரஸ் பிளவுபட்ட சூரத் கூட்டத்தை ஒட்டியே நினைக்கிறார்கள். அவர் செய்தவற்றில் காலத்தைக் கடந்து நின்றது அரசியல் அல்ல. தனக்குப் பட்டம் தந்த கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு 1913-இலும் 1919-இலும் அவர் கொடுத்த 21 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையும், அதை எந்த நிபந்தனைகளோடு கொடுத்தார் என்பதும்தான்.

1845 டிசம்பர் 23-இல் வர்த்தமான் மாவட்டத்தின் தோர்கோனா கிராமத்தில் பிறந்தவர் ராஷ்பிகாரி. தந்தை பெயர் ஜகபந்து. பள்ளிப் படிப்பை முடித்து கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். 1866-இல் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் எம்.ஏ. தேறினார். அடுத்த ஆண்டே தங்கப் பதக்கத்துடன் சட்டப் பட்டம் பெற்று உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 1884-இல் சட்டத்தில் டாக்டர் பட்டமும் வந்தது.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1857 ஜனவரி 24-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்த ஒரு தேர்வு அமைப்பு. அதற்கு வகுப்பறை இல்லை, ஆய்வகம் இல்லை, பாடம் நடத்தும் பேராசிரியர் இல்லை. கல்லூரிகள் படிப்பிக்கும், பல்கலைக்கழகம் கேள்வித்தாள் கொடுக்கும், பட்டம் கொடுக்கும். 1858-இல் அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே. அவர்களில் ஒருவர் நாவலாசிரியர் பங்கிம் சந்திரர். இப்படி ஒரு தேர்வு அலுவலகத்தின் மேல் ஒருவருக்கு வாழ்நாள் பற்று எப்படி உண்டாகும்? கோஷ் விஷயத்தில் அதற்கு விடை வக்கீல் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இரண்டு வகை வழக்கறிஞர்கள் இருந்தார்கள். லண்டனுக்குப் போய், அங்குள்ள சட்ட விடுதிகளில் சேர்ந்து, பாரிஸ்டர் ஆகி வந்தவர்கள் ஒரு வகை. கல்கத்தா நகரத்துப் பெரிய வியாபார வழக்குகள் நடக்கும் ஆரம்ப விசாரணைப் பிரிவு அவர்கள் கையில் இருந்தது. உள்நாட்டிலேயே படித்துப் பட்டம் வாங்கிய வக்கீல்கள் இன்னொரு வகை. மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளை நடத்துவதே அவர்கள் வேலை. கப்பல் ஏறாத, சொத்து பெரிதாக இல்லாத ஒரு கிராமத்துப் பையன் உயர் நீதிமன்றப் படி ஏறுவதற்கு இருந்த வழி பல்கலைக்கழகத்தின் பி.எல். பட்டம். பாரிஸ்டருக்குத் தாய்வீடு லண்டன் என்றால் வக்கீலுக்குத் தாய்வீடு பல்கலைக்கழகம். பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்றத்தில் வக்கீல்கள் அவ்வளவு உரிமையோடு உட்கார்ந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

மேல்முறையீட்டுப் பிரிவுக்கு வந்த வழக்குகளில் நிலத் தகராறுகளுக்குக் குறைவே இல்லை. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்து ஜமீன்தார்களுக்கு ஒரு கெடு வைத்தது: குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரிப்பணம் கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். கெடு நெருங்கும்போது கடன் வாங்குவார்கள். கடனுக்கு ஈடு நிலம். அந்த ஈட்டு வகைகளில் வழக்கறிஞருக்கு அதிக வேலை கொடுத்தது நிபந்தனைக் கிரயம். பத்திரத்தைப் பார்த்தால் விற்பனை போல இருக்கும். இன்ன தேதிக்குள் பணத்தைத் திருப்பினால் கிரயம் செல்லாது என்று ஒரு வரி மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும். வட்டி வாங்குவதற்கு மதத் தடை உள்ள சமூகத்தில் அந்தத் தடையைச் சுற்றிப் போவதற்காக உருவான ஏற்பாடு இது. தேதி தவறினால் நூறு ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் ரூபாய் நிலம் போய்விடும். 1806-ஆம் ஆண்டின் 17-ஆவது வங்க ஒழுங்குவிதி இதில் தலையிட்டது. கடன் கொடுத்தவர் நீதிமன்றம் வழியாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதன்பின் ஓராண்டுக்குள் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம் என்றது. அறிவிப்பு முறைப்படி போய்ச் சேர்ந்ததா, ஓராண்டு எந்த நாளிலிருந்து, கட்டிய தொகை சரியா என்று ஒவ்வொன்றும் ஒரு வழக்கானது.

இந்தக் குழப்பத்துக்குள் ஒழுங்கைக் கொண்டுவந்ததே கோஷின் அறிவுலகச் சாதனை. 1875–76-ஆம் ஆண்டுக்கான தாகூர் சட்டப் பேராசிரியராக நியமிக்கப்பட்டு, இந்தியாவில் அடமானச் சட்டம் என்ற பொருளில் உரைகள் நிகழ்த்தினார். இந்து சட்டம், இஸ்லாமியச் சட்டம், ரோமானியச் சட்டம், ஆங்கிலேய நீதிமன்றங்கள் வகுத்த மீட்பு உரிமை ஆகிய எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வங்கத்துப் பத்திரங்களை அவற்றின் வெளிச்சத்தில் படித்தார். சொத்து மாற்றுச் சட்டம் வந்தது 1882-இல்தான். அதற்கு முன், தொகுக்கப்பட்ட சட்டம் எதுவும் கையில் இல்லாமல், முப்பது வயதில் செய்த வேலை அது.

அவர் உட்கார்ந்த அந்தப் பதவியே ஒரு வக்கீலின் கொடை. சதர் திவானி நீதிமன்றத்தில் அரசு வக்கீலாக இருந்து பெரும் செல்வம் சேர்த்த பிரசன்ன குமார் தாகூர், 1868-இல் இறந்தபோது பல்கலைக்கழகத்துக்கு உயிலில் பணம் எழுதி வைத்திருந்தார். ஆண்டுதோறும் ஒரு சட்ட அறிஞர் உரை நிகழ்த்த வேண்டும், உரை நூலாக வர வேண்டும் என்பது ஏற்பாடு. தேர்வு நடத்துவதோடு நின்றுவிட்ட ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு தனி மனிதரின் நன்கொடை ஒரு பேராசிரியர் பதவியைப் புகுத்த முடியும் என்பதற்கு அது முன்மாதிரி. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கோஷ் செய்தது அதே காரியத்தின் பெரிய வடிவம்.

1879 முதல் பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்ற உறுப்பினர், 1887 முதல் 1899 வரை சிண்டிகேட் உறுப்பினர், 1893 முதல் 1895 வரை சட்டப் புலத் தலைவர் என்று அவர் வகித்த பொறுப்புகள் தொடர்ந்தன. மாகாணச் சட்டமன்றத்திலும் வைஸ்ராயின் சட்டமன்றத்திலும் இருந்தார். இவற்றைவிடப் பின்விளைவு மிகுந்தது வேறொன்று. கணிதத்தில் மேதை என்று பெயரெடுத்த ஓர் இளைஞர் சட்டம் படித்து, கோஷிடம் தொழில் பழக வந்தார். அசுதோஷ் முகர்ஜி என்ற அந்த இளைஞர் 1888-இல் வக்கீலானார், 1904-இல் நீதிபதியானார், 1906-இல் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பணம் குருவிடம் இருந்தது, திட்டம் சீடரிடம் இருந்தது.

பற்று என்பது பணிவு ஆகிவிடவில்லை என்பதற்கு 1905-ஆம் ஆண்டு சாட்சி. அந்த ஆண்டு பிப்ரவரிப் பட்டமளிப்பு விழாவில், பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் வைஸ்ராய் கர்சன் பேசினார். உண்மைக்கு மேற்கு நாடுகள் கொடுத்த இடத்தைக் கிழக்கு கொடுக்கவில்லை என்ற பொருளில் பட்டதாரிகளுக்கு அறிவுரை சொன்னார். அமிர்த பஜார் பத்திரிகை அவருடைய பழைய பயண நூலைப் புரட்டி எடுத்தது. கொரியாவில் ஓர் அமைச்சரிடம் தம் வயதைக் கூட்டி, நாற்பது என்று பொய் சொன்னதை அதில் கர்சனே பெருமையோடு எழுதியிருந்தார். இந்தத் தகவலை எடுத்துக் கொடுத்தவர் சகோதரி நிவேதிதை. ஊர் சிரித்தது. ஆனால் சிரிப்போடு விட முடியாது என்று மார்ச் மாதம் கல்கத்தா டவுன் ஹாலில் கண்டனக் கூட்டம் கூடியது. தலைமை தாங்கியவர் கோஷ். வேந்தரின் பேச்சைப் பட்டதாரிகளின் சார்பில் ஒரு மூத்த பட்டதாரி கண்டித்த நிகழ்ச்சி என்று அதைக் கொள்ளலாம்.

அதே ஆண்டு வங்கம் பிரிக்கப்பட்டது. போராட்டத்தில் கலந்துகொள்ளும் மாணவர்களைத் தண்டிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. அரசுக் கல்வியை விட்டு வெளியே வாருங்கள் என்ற குரல் எழுந்தது. பல்கலைக்கழகத்தை அடிமைகளை வார்க்கும் தொழிற்சாலை என்று தேசியவாதிகள் ஏசினார்கள். 1906-இல் தேசியக் கல்விக் கழகம் உருவானபோது அதன் முதல் தலைவராக வந்தவர் கோஷ்தான். கழகம் தொடங்கிய வங்க தேசியக் கல்லூரிக்கு அரவிந்தர் முதல்வரானார். பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கிளம்பிய அமைப்புக்கு, பல்கலைக்கழகத்தின் உற்ற பிள்ளை தலைவர்.

இதை முரண்பாடு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. அரசாங்கத்தின் கையில் இருக்கும் வரை பல்கலைக்கழகம் தேர்வு மண்டபமாகவே இருக்கும் என்பது இரு தரப்புக்கும் பொதுவான கவலை. ஒரு தரப்பு வெளியேறிப் புதிதாகக் கட்ட முயன்றது. அசுதோஷ் உள்ளிருந்தே மாற்ற முயன்றார். கோஷ் இரண்டு இடத்திலும் காலூன்றி, இரண்டுக்கும் பணம் கொடுத்தார். வழக்கை எந்த நீதிமன்றத்தில் நடத்தினாலும் கட்சிக்காரருக்கு நிவாரணம் கிடைத்தால் சரி என்று நினைக்கும் வக்கீல் புத்தி இதில் வேலை செய்திருக்கக்கூடும்.

அரசியலில் அவர் மிதவாதி. 1906 கல்கத்தா காங்கிரசின் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தவரை அடுத்த ஆண்டு சூரத் மாநாட்டுக்குத் தலைவராக்கினார்கள். தீவிரவாதிகள் இதை ஏற்கவில்லை. திலகர் மேடையேறிப் பேச முயன்றார், செருப்பு பறந்தது, நாற்காலிகள் பறந்தன. கோஷ் தலைமையுரையை முடிக்கவே இல்லை. தமிழகத்திலிருந்து போய் திலகர் பக்கம் நின்றவர்களில் வ.உ.சி.யும் பாரதியும் இருந்தார்கள். 1908 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது கோஷ் அமைதியாகத் தலைமை வகிக்க முடிந்தது. அந்த அமைதிக்குக் காரணம் தெளிவு: திலகர் மாண்டலே சிறையில், வ.உ.சி. தண்டனைக் கைதி, பாரதி புதுச்சேரியில்.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், அரசின் பிடியை இறுக்குவதற்காகவே வந்தது என்று இந்தியத் தலைவர்கள் எதிர்த்த சட்டம். ஆனால் அதில் ஒரு பிரிவு, பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்றது. அதிகாரம் வந்தது, காசு வரவில்லை. துணைவேந்தராக வந்த அசுதோஷ் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, முதுகலை அறிவியலுக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்று திட்டமிட்டார். முதலில் கை நீட்டியவர் பாரிஸ்டர் தாரக்நாத் பாலித். 1912-இல் நிலமும் பணமுமாக ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அப்பர் சர்குலர் சாலை 92-ஆம் எண் மனை அதில் அடக்கம். தேசியக் கல்வி இயக்கத்தின் தொழில்நுட்பப் பள்ளி அதுவரை அந்த மனையில்தான் நடந்துவந்தது. அது வேறிடம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

1913 ஆகஸ்டில் கோஷ் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். இந்தக் கொடையின் விதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பயன்முறைக் கணிதம், இயற்பியல், வேதியியல், வேளாண்மையை மையமாகக் கொண்ட தாவரவியல் என்று நான்கு பேராசிரியர் பதவிகள். அவற்றோடு எட்டு ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகைகள். முதலையோ வட்டியையோ எடுத்துக் கட்டடத்தில் கொட்டிவிட முடியாது, பணம் மனிதர்களுக்கு. அந்த மனிதர்கள் இந்தியர்களாக இருக்க வேண்டும் என்பது தீர்மானமான நிபந்தனை. பாலித்தும் இதையே விதித்திருந்தார்.

இந்த ஒரு வரிக்கு அன்று என்ன பொருள் என்பதை அரசுக் கல்வித் துறையைப் பார்த்தால் விளங்கும். உயர்ந்த சம்பளமுள்ள இந்தியக் கல்விப் பணி பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கு. குறைந்த சம்பளமுள்ள மாகாணப் பணி இந்தியர்களுக்கு. ஜகதீச சந்திர போஸ் 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது, வெள்ளையருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை மூன்று ஆண்டுகள் தொடாமலே வேலை பார்த்தார். வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் எடின்பரோ டாக்டர் பட்டத்தோடு வந்தும் மாகாணப் பணியிலேயே காலம் கழித்தார். கூட்டம் போட்டும் மனுப் போட்டும் மாறாத இந்த ஏற்பாட்டை, அறக்கொடைப் பத்திரத்தின் ஒரு வாசகம் குறைந்தது ஒரு வளாகத்துக்குள் தலைகீழாக்கியது. பல்கலைக்கழகம் பணத்தை ஏற்றால் நிபந்தனையையும் ஏற்க வேண்டும். அறக்கொடை விதியை எந்த அதிகாரியும் தன் இஷ்டத்துக்கு மீற முடியாது. வாழ்நாள் முழுக்க பத்திரங்களில் ஒளிந்திருக்கும் வரிகளைத் தோண்டி எடுத்தவருக்கு, ஒரு வரியை எங்கே வைத்தால் அது நிற்கும் என்பது தெரிந்திருந்தது.

அரசாங்கத்துக்கு இது ரசிக்கவில்லை. கல்லூரிக்கு மானியம் கேட்டு அசுதோஷ் எழுதியவற்றுக்குச் சாதகமான பதில் வரவில்லை. துணைவேந்தர் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1914 மார்ச் 27 அன்று, அறிவியல் கல்லூரிக்கு அவரே அடிக்கல் நாட்டினார். இரண்டு வழக்கறிஞர்களின் சம்பாத்தியத்தை நம்பி அந்த அடிக்கல் நாட்டப்பட்டது.

நியமனங்கள் சுவாரசியமானவை. பயன்முறைக் கணிதத்தின் முதல் கோஷ் பேராசிரியர் கணேஷ் பிரசாத். வேதியியலுக்குப் பிரபுல்ல சந்திர மித்தர். இயற்பியலுக்கு தேவேந்திர மோகன் போஸ், தாவரவியலுக்கு மராட்டியரான அகர்கர். கடைசி இருவரும் மேற்பயிற்சிக்கு 1914-இல் ஜெர்மனி போனார்கள். போன வேகத்தில் உலகப் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் எதிரி நாட்டில் சிக்கிக்கொண்டார்கள். போஸ் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப 1919 ஆகிவிட்டது. பேராசிரியர்கள் இல்லாத இந்த இடைவெளியில் பாடச்சுமை இளைஞர்கள் தலையில் விழுந்தது. 1916-இல் முதுகலை வகுப்புகள் தொடங்கியபோது மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தார்கள். பாடப் புத்தகம் கிடைக்காத புதிய இயற்பியலைத் தாமே படித்துத் தாமே நடத்தினார்கள். சார்பியல் பற்றிய ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகம் அதை 1920-இல் வெளியிட்டது.

பாலித் இயற்பியல் பதவிக்கு அசுதோஷ் அழைத்தது, கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாக இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்த சி.வி. ராமனை. சென்னைப் பிரசிடென்சி கல்லூரியின் மாணவரான அவர் வெளிநாடு போனவர் அல்ல; பயிற்சிக்காகப் போகவும் மறுத்தார். வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனையை அசுதோஷ் அவருக்காக விலக்கினார். 1917-இல் ராமன் அரசுப் பதவியை உதறி, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். பிரபுல்ல சந்திர ராய் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று பாலித் வேதியியல் பேராசிரியராக வந்தார். பாலித் இவற்றைப் பார்க்க உயிரோடு இல்லை, 1914-லேயே மறைந்துவிட்டார்.

கோஷ் பார்த்தார், திருப்தியும் அடைந்திருக்க வேண்டும். 1915-இல் சர் பட்டம் வந்தது. 1919-இல் மேலும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இம்முறை தொழில்நுட்பத்துக்கு: பயன்முறை வேதியியலிலும் பயன்முறை இயற்பியலிலும் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. அறிவியலைக் கற்றவர்கள் ஆலை நடத்தவும் கருவி செய்யவும் வர வேண்டும் என்ற சுதேசிக் காலத்து எண்ணம் இதில் தெரிகிறது. 1906-இல் தேசியக் கல்விக் கழகத்தில் பேசப்பட்டதையே 1919-இல் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார் எனலாம்.

1921 பிப்ரவரி 28 அன்று கோஷ் காலமானார். சரியாக ஏழு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது தற்செயல்தான். அந்தச் சோதனை நடந்த இடமும் பவ்பஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அறிவியல் சங்கம். ஆனால் சோதனை செய்தவர் ஒரு பாரிஸ்டரின் கொடையில் சம்பளம் வாங்கிய பேராசிரியர்.

கோஷ் பெயர் தாங்கிய பதவிகளும் பின்னால் நல்ல கைகளுக்கே போயின. 1935-இல் கோஷ் இயற்பியல் பேராசிரியரான சிசிர் குமார் மித்ரா, வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தை இருபது ஆண்டுகள் ஆராய்ந்தார். மேல் வளிமண்டலம் பற்றி 1947-இல் அவர் வெளியிட்ட நூல் உலக அளவில் பாடமாயிற்று. நிகில் ரஞ்சன் சென் பயன்முறைக் கணிதப் பதவியில் நெடுங்காலம் இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ராஜாபஜார் அறிவியல் வளாகம் இன்று ராஷ்பிகாரி கல்வி வளாகம் என்ற பெயரில் இயங்குகிறது. பாலித்தின் பெயர் பாலிகஞ்ச் வளாகத்துக்கு. தென் கொல்கத்தாவின் ராஷ்பிகாரி அவென்யூவும் கோஷின் பெயரால் அமைந்ததே. அதே மாவட்டத்தில் பிறந்த புரட்சியாளர் ராஷ்பிகாரி போஸின் பெயர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சொந்த ஊரான தோர்கோனாவில் தந்தையின் பெயரால் அவர் வைத்த பள்ளியும் உண்டு.

கடைசிப் பெருங்கொடை உயில் வழியாகத் தேசியக் கல்விக் கழகத்துக்குப் போனது. மாணவர் குறைந்து, கலைப் பிரிவு ஒடுங்கி, பொறியியல் பிரிவு மட்டும் உயிரோடிருந்த காலம் அது. பணம் கையில் வந்ததும் கழகம் நகரத்துக்குத் தெற்கே ஜாதவ்பூரில் மாநகராட்சியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 1922-இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே குடியேறியது. பாலித்தின் மனையிலிருந்து கிளம்பி இடம் மாறி மாறி நடந்த தொழில்நுட்பப் பள்ளிக்கு அதன்பின் அலைச்சல் இல்லை. அந்தக் கல்லூரிதான் 1955-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று.